பரீட்சையா வைக்கீங்க, யக்கா?

பிடித்த புத்தகத்தை நாலு பேருக்குச் சொல்வதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்றரை வருடத்தில் 7,360 ரூபாய் போனது. பீரோவிலிருந்து 14 புத்தகங்கள் போயின. கணவரின் அக்கா ஐந்து மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆபீஸில் நான் காபி குடிக்கப் போனால் மேசையில் பேச்சு நின்றுவிடும், எங்கே இவள் இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவாளோ என்ற பயத்தில். அப்போது யாராவது பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தா பாரு, புஸ்தகம் குடுக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு" என்று சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. திருநெல்வேலியில் ஒரு கடன் சங்கத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆபீஸில் பெண்கள் பத்துப் பேர். வாசிப்பு என்பது அவர்களில் பலருக்குக் கல்யாணத்தோடு நின்றுபோன பழக்கம். அம்மா வீட்டில் வாரப்பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்ததைச் சொல்வார்கள், அதோடு சரி. 2022 செப்டம்பர் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் வந்தது. பார்த்துவிட்டு வந்த திங்கட்கிழமை மூன்று பேர் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். "யக்கா, அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்கும்லா? படிக்கணும் போல இருக்கு." இருபது வருடமாக இப்படி ஒருவர் வந்து கேட்கமாட்டாரா என்று காத்திருந்தவள் நான். வாய் நிறையச் சிரித்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டாமா? நான் சொன்னது இதுதான்: "அது பள்ளிக்கூடத்துல படிக்கிறது. அதவிட நல்ல புஸ்தகம் நான் தாரேன்."

இதை எழுதும்போதே கூசுகிறது. நானும் பொன்னியின் செல்வனை எட்டாம் வகுப்பில், சோற்றுத் தட்டு ஒரு கையிலும் புத்தகம் ஒரு கையிலுமாகப் படித்தவள்தான். ஆனால் அதைத் தாண்டி நான் எங்கேயோ போய்விட்டேன் என்று காட்ட வேண்டியிருந்தது. அப்போது என் தலைக்குள் இருந்த புத்தகம் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981-ல் வந்த நாவல். ஜோசஃப் ஜேம்ஸ் என்கிற, கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்க்கையை பாலு என்கிற தமிழ் எழுத்தாளன் தேடிப் போவதுதான் கதை. கதை என்று அதைச் சொல்லலாமா என்பதே ஒரு கேள்வி. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் செத்த மறுநாள் ஜே.ஜே. செத்தான் என்று முதல் வாக்கியத்திலேயே வரும். பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த வருடம் அதைப் படித்து, இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் திரிந்தேன். அது எனக்கு நடந்தது. பத்துப் பேருக்கும் நடக்கும் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த புத்தகத் திருவிழாவில் பதினோரு பிரதி வாங்கினேன். எல்லாரும் கொடுக்கிற பத்து சதவீதக் கழிவுதான் கொடுத்தார்கள். பிரதி முந்நூறு விழுந்தது, மொத்தம் 3,300 ரூபாய். பத்துப் பேருக்குப் பத்து, புதிதாக யாராவது சேர்ந்தால் கொடுக்க ஒன்று. சேருவார்கள் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு! "பணம் மெதுவா குடுங்க" என்று சொல்லி ஒவ்வொரு மேசையிலும் வைத்தேன். வாட்ஸ்அப்பில் 'வாசிப்போம்' என்று ஒரு குழு ஆரம்பித்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து ஆறு மணிக்குக் கூட்டம். வடையும் காபியும் என் செலவு.

முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் முதல் பத்துப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள், அதற்கு மேல் யாரும் போகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஊக்கப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவில் கேள்விகள் போட ஆரம்பித்தேன். 'பாலு எதற்காக ஜே.ஜே.யைத் தேடுகிறான்?' என்பது மாதிரி. நீலக் குறி விழும், பதில் வராது. இரண்டாவது கூட்டத்துக்கு ஐந்து பேர். மூன்றாவதுக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை வடை சாப்பிட வந்தவள். அன்றைக்குத்தான், கேஷ் கவுண்டரில் இருக்கிற தங்கச்சி, அதிகம் பேசாதவள், பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "யக்கா, கோவிச்சுக்காதீங்க. பிள்ளைக்கு யூனிட் டெஸ்ட், மாமியாருக்கு சுகர், இங்க நீங்களும் பரீட்சையா வைக்கீங்க, யக்கா? எனக்கு ஒண்ணும் புரியல. புரியலன்னு சொல்லவும் வெக்கமா இருந்துச்சு." மறு வாரத்தில் என் மேசையில் ஐந்து பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. யார் வைத்தது என்று கேட்கவில்லை. இரண்டு பேர் காசு கொடுத்திருந்தார்கள். மூன்று பிரதிகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். சீரியல் பார்க்க நேரம் இருக்கிறது, இதற்கு இல்லையா என்று மனசுக்குள் எல்லாரையும் திட்டினேன். விடியற்காலம்தான் வெட்கம் வந்தது. நான் ஒருத்தரிடமாவது 'கடைசியா எதை முடிச்சீங்க?' என்று கேட்கவில்லை. எப்போது படிப்பார்கள், பஸ்ஸிலா, பிள்ளைகள் தூங்கிய பிறகா, எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேஷ் கவுண்டர் தங்கச்சி தினமும் சங்கரன்கோவில் பாதையில் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் வருகிறவள். நின்றுகொண்டே படிக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் மறுநாள் அதே இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயமும் பத்து நிமிடத்தில் முடியும், முடியும்போது ஒரு கொக்கி போட்டுவிட்டுப் போகும். பஸ்ஸில் போகிறவளுக்கு அதைவிடத் தோதான புத்தகம் இல்லை. அவளே வாய்விட்டுக் கேட்டாள். நான்தான் மறித்தேன். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இந்த மூன்றுதான்: கடைசியாக முழுசாகப் படித்தது எது, எங்கே வைத்துப் படிப்பீர்கள், எதைப் பாதியில் போட்டீர்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். பிடித்தது எது என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லுவார்கள். பாதியில் போட்டதைக் கேட்டால் மனசாரத் திட்டுவார்கள், அந்தத் திட்டில் அவர்கள் ருசி தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஒரு படம் பார்த்துவிட்டு ஒருவர் மூலக்கதையைத் தேடி வந்தால், அந்தக் கதவைச் சாத்தாதீர்கள். 'அசுரன்' பார்த்துவிட்டு பூமணியின் 'வெக்கை'க்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். அது 1982-ல் வந்த நாவல், எட்டு நாள் கதை, பையன் ஒருவன் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். அதில் நுழைந்தவர் பிறகு பூமணியின் 'பிறகு'வுக்கும் போவார். நாம் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்க வேண்டியதில்லை.

இப்போது மைனி கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கணவரின் அக்காவை மதினி என்போம், வாயில் மைனி என்று வரும். ஆபீஸ் கூட்டம் குலைந்த அதே சமயத்தில் மைனிக்குக் கால்முறிவு, இரண்டு மாதம் படுக்கை. பார்க்கப் போகும்போது ஆரஞ்சும் ஒரு புத்தகமும் கொண்டுபோனேன். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. தமிழில் வந்த மிகச் சிறந்த பத்து நாவல்களைச் சொல்லச் சொன்னால் என் பட்டியலில் அது இருக்கும். அதில் அலங்காரம் என்கிற அம்மாவுக்குக் கணவரைத் தவிர வேறொரு உறவு இருக்கிறது. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் மகனை வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள். எனக்கு அது காவேரிக்கரையும் அந்த மனுஷியின் கம்பீரமுமாகத்தான் மனசில் இருந்தது. மைனிக்கு அது எப்படிப் பட்டது என்பது நாலு நாள் கழித்துத் தெரிந்தது. அவர்கள் வீட்டில் அப்போது மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டைப் பற்றி ஊரில் ஏதோ ஒரு பேச்சு. அது எனக்கு சத்தியமாகத் தெரியாது. "இவ ஏதோ தெரிஞ்சுக்கிட்டுத்தான் இந்தப் புஸ்தகத்தக் கொண்டாந்து குடுத்திருக்கா, குத்திக் காட்டுதா" என்று மைனி என் கணவரிடம் போனில் அழுதார்கள். விளக்கம் சொல்லச் சொல்ல மோசமானது. "இலக்கியம் மைனி" என்றேன். "எங்க வீட்டுப் பொழப்பு ஒனக்கு இலக்கியமா?" என்றார்கள். அடுத்த ஐந்து மாதம் விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இதில் நான் தெரிந்துகொண்டது: ஒருவர் தானாக எடுத்துப் படிக்கும் புத்தகத்தில் கதையைப் பார்ப்பார். நாம் தேடிப்போய்க் கையில் கொடுத்த புத்தகத்தில் தன்னைத்தான் தேடுவார். 'ஏன் இதை எனக்குக் கொடுத்தாள்?' என்ற கேள்வியோடுதான் முதல் பக்கமே திறக்கும். அதனால் நோய்ப்படுக்கை, துக்க வீடு, கல்யாணப் பேச்சு நடக்கிற வீடு, பிரச்சினையில் இருக்கிற தம்பதி, இவர்களிடம் போகும்போது கையை வீசிக்கொண்டு போங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றுக்கு மூன்றாக எடுத்துப் போய், "இதுல எது வேணுமோ வச்சுக்கோங்க, மத்தத எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிடுங்கள். மூன்றில் ஒன்றை அவர் கையால் எடுத்துவிட்டால் அது அவர் தேர்வு, நம் குத்தல் இல்லை. துக்கத்தில் இருப்பவருக்கு துக்கக்கதை ஆறுதலாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இரவல் விவகாரம் தனி. ஆபீஸ் பிரதிகளைத் தவிர, அந்த ஒன்றரை வருடத்தில் என் சொந்தப் புத்தகங்கள் 23-ஐ ஆள் ஆளுக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். திரும்பி வந்தது 9. ஒன்றில் மஞ்சள் கறை, ஒன்றில் பிள்ளை போட்ட பூ, அதெல்லாம் பரவாயில்லை. போன 14-ல் இரண்டு இப்போது அச்சிலேயே இல்லை. மிச்சத்தை மறுபடி வாங்கக் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் ஆனது. காசு வராத ஒன்பது பிரதிக்கு 2,700. மூன்று கூட்டத்துக்கு வடை காபி 660. இதுதான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியிடம் மட்டும் நாலு புத்தகம் மாட்டிக்கொண்டது. கேட்க வெட்கப்பட்டு, அவள் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, அவளும் படிக்காத குற்ற உணர்ச்சியில் என் போனை எடுக்காமல் இருந்திருக்கிறாள். நாலு புத்தகம் இரண்டு பேரையும் ஒளிந்து திரிய வைத்துவிட்டது. இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், தேதி, புத்தகம். எழுதும்போது அவர் கண் முன்னாலேயே எழுதுவேன், அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். இரண்டு மாதம் ஆனால் "படிச்சாச்சா?" என்று கேட்பதில்லை, "படிக்க நேரம் வாய்க்கலன்னா குடுத்துருங்க, இன்னொருத்தர் கேக்காங்க" என்று சொல்வேன். இன்னொருத்தர் இருக்கவேண்டிய அவசியமில்லை. அது ஒரு வழிவிடுதல். அச்சில் இல்லாத புத்தகத்தைப் பெற்ற அம்மா கேட்டாலும் கொடுக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து படிக்கலாம், காபி தருவேன்.

மிஞ்சிய ஜே.ஜே. ஆறையும் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். நூலகர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்தைத் திருப்பித் தள்ளினார். "ஒண்ணு போதும்மா. எடுக்கிற ஆளு வரணும்லா." அவர் தலைக்கு மேலே எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளை எழுதிய பலகை. எத்தனையோ வருடம் அந்த நூலகத்துக்குப் போய்வந்தும் அதை நான் நின்று படித்ததில்லை. ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர், கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். அந்த விதிகளை நூலாக 1931-ல் வெளியிட்டார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி. கையில் ஐந்து பிரதியோடு நின்று நான்காவதைப் படித்தபோது பத்துப் பேரின் மூன்று மாதம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நூலகர் அட்டை போடச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் ஆபீஸில் பத்தில் எட்டுப் பேருக்கு நூலக அட்டை கிடையாது. நம் மாநிலத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கட்டிவிட்ட காசுக்குப் புத்தகம் எடுக்காமல் நான் கைக்காசு போட்டுப் பதினோரு பிரதி வாங்கியிருக்கிறேன். யாருக்காவது ஒரு புத்தகத்தைச் சொல்லத் தோன்றினால், முதலில் அது கிளை நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துவிடலாம், யாருக்கும் யாரும் கடன்படவில்லை.

ஒரு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தது நானாக ஆரம்பித்ததில்லை. தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழக'த்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்து எழுந்து போனேன், திரும்பி வந்தால் கேஷ் கவுண்டர் தங்கச்சி அதை எடுத்து நின்றபடியே படித்துக்கொண்டிருக்கிறாள். சோறு, தேங்காய், உரல், உலக்கை என்று நாம் தினமும் கையால் தொடுகிறவற்றைப் பற்றிச் சின்னச் சின்னக் கட்டுரைகள். இரண்டு பக்கம், மூன்று பக்கம். "யக்கா, எங்க ஆச்சி சொல்லுதது மாதிரியே இருக்கு" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. அது பெரிய சாதனை என் விஷயத்தில். சாயங்காலம் அவளே கேட்டு எடுத்துப் போனாள். அதிலிருந்து ஒரு பழக்கம்: மேசையில் எப்போதும் ஒரு சின்னப் புத்தகம் கிடக்கும். நாவல் இல்லை. எடுத்துப் பார்ப்பவர் எடுக்கட்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் இல்லை, வேலை இல்லை. யாரோ "யக்கா ஒரு கதை சொல்லுங்க" என்று கேலியாகக் கேட்க, நான் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறா'ரை வாய்விட்டு வாசித்தேன். தீபாவளி நேரத்தில் ஓர் ஏழை வீட்டுக்கு வந்து சேர்கிற அநாதைப் பையனின் கதை. அரை மணி நேரம். முடிந்தபோது பியூன் அண்ணன் உட்பட யாரும் பேசவில்லை. எனக்கே கடைசிப் பக்கத்தில் குரல் கம்மிவிட்டது. மூன்று மாதம் வடை வாங்கிக் கொடுத்து நடக்காதது அந்த அரை மணி நேரத்தில் நடந்தது. அன்றைக்கு யாருக்கும் வீட்டுப்பாடம் இல்லை, யாரும் பின்தங்கவும் இல்லை, எல்லாரும் ஒரே வரியில் இருந்தோம். வாசிப்புக் கூட்டம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாவலை விடுங்கள், ஒரு சிறுகதை, அங்கேயே, சத்தமாக. அடுத்த மாதம் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வாசித்தோம். நேரில் வந்த கடவுளிடமே பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கிற பிள்ளைவாளை நெல்லைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தவா வேண்டும்? எங்கள் கடன் சங்கத்திலேயே அப்படி இருவர் உண்டு.

ஆபீஸ் வண்டி ஓட்டும் அண்ணன் சிவகங்கைப் பக்கம். பொங்கல் வந்தால் லீவு போட்டுவிட்டு ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிற ஆள். பத்தாவதுக்குப் பிறகு புத்தகம் தொட்டதில்லை என்று அவரே சொன்னார். அவருக்கு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கொடுத்தேன், கொடுக்கும்போது சொன்னது இவ்வளவுதான்: "ஒரு மத்தியானம் நடக்கிற ஜல்லிக்கட்டு, அண்ணே. நூறு பக்கம் கூட இல்ல. மாடு புடிக்கிறவங்க பேச்சு அப்பிடியே இருக்கு, சரியா எழுதியிருக்காரான்னு பாத்துச் சொல்லுங்க." பழைய நான் என்றால் 'தமிழ்க் குறுநாவலின் உச்சம்' என்று ஆரம்பித்திருப்பேன். மறுநாள் வந்து மாட்டின் திமிலை எப்படி அணைய வேண்டும் என்று எனக்கு இருபது நிமிடம் பாடம் எடுத்தார். புத்தகத்தில் எது சரி, எது அவர் ஊரில் வேறு மாதிரி என்றெல்லாம் சொன்னார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் என்னை மாணவியாக்கிவிட்டார். நான் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு புத்தகம் கொடுத்ததில்லை.

சொல்லும் விதத்தில் நான் விட்ட பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். 'படிச்சே ஆகணும்', 'வாழ்க்கையையே மாத்திரும்' இரண்டையும் நாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அப்படிச் சொல்லிவிட்டால் பிடிக்காதவர் உண்மையைச் சொல்ல முடியாது, தனக்குத்தான் அறிவில்லை என்று நினைத்துக்கொள்வார், அல்லது நம்மைப் பைத்தியம் என்று. அதற்குப் பதில் இடைஞ்சலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' என்றால், கரிசல் பேச்சு, முதல் இருபது பக்கம் காதுக்குப் பழகவேண்டும் என்று. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' என்றால், ஒன்றுமே நடக்காதது மாதிரி கிரிக்கெட்டும் கல்லூரியுமாகப் போகும், 1948 ஐதராபாத் கலவரம் பின்னால்தான் வந்து அடிக்கும் என்று. ஐம்பது பக்கத்தில் ஒட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதை முகத்தைச் சுளிக்காமல் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது. யாராவது தி. ஜானகிராமன் போரடிக்கிறது என்றால் இன்னமும் உள்ளுக்குள் ஒன்று சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது.

பதிப்பு விஷயமும் முக்கியம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கடையில் ஒரே தலைப்பில் பல விலைகளில் அடுக்கியிருக்கும். என் பேச்சைக் கேட்டு ஒருத்தி சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஒற்றைப் புத்தகமாக வாங்கி வந்தாள், பிரித்தால் சுருக்கப் பதிப்பு. 'ஐந்து பாகம் முழுசா இருக்கா, எழுத்து கண்ணுக்குத் தெரியுதா' என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர்கள் பொடி எழுத்தால்தான் பாதிப் புத்தகத்தை மூடுகிறார்கள், ஆனால் கதை சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். கையில் காசு போடவே வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் இலவசமாக இருக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றி வைக்கிற மதுரைத் திட்டத்திலும் உண்டு. போனில் படிக்கப் பழகியவர்களுக்கு அது போதும்.

போன ஆடியில் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருத்தி என் பீரோவைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். மலையாளம் படிக்கத் தெரிந்தவள், நாகர்கோவில்காரி. ஒரே புத்தகம் ஐந்து எதற்கு என்று கேட்டாள். கதையைச் சொன்னேன், வயிறு வலிக்கச் சிரித்தாள். "அப்ப எனக்கு ஒண்ணு குடுங்கக்கா" என்றாள். நான் கொடுக்கவில்லை. கடைசியாக எதைப் பாதியில் போட்டாய் என்று முதலில் கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேட்ட பிறகுதான் கை பீரோவுக்குப் போனது. முந்நூறு ரூபாயை மறுநாளே அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் என்னைக் கூப்பிட்டு ஜே.ஜே. ஒரு பெரிய பம்மாத்துக்காரன் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். அந்தச் சண்டைக்காகத்தான் நான் பதினோரு பிரதி வாங்கினேன் போல. பாக்கி நாலு இருக்கிறது.

மைனி மகன் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, வேறு இடத்தில். பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டாம் பாகத்தை டி.வி.யில் போட்ட அன்று மைனியே போன் செய்தார்கள், ஐந்து மாத மௌனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். "அந்தக் கதைப் புஸ்தகம் இருக்கா ஒங்கிட்ட? சினிமால என்னமோ வேகமா முடிச்சுட்டானுவ." பெரிய எழுத்துப் பதிப்பாகப் பார்த்து முதல் பாகம் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டில் பெயர் எழுதவில்லை, மைனியிடம் அந்தத் தைரியம் வராது. இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தால் என் கணவர் எடுக்காமலே என் பக்கம் தள்ளிவிடுகிறார்.

"ஏ, அந்த நந்தினி கடைசில என்னதான் ஆவா? சொல்லு, நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

"அஞ்சாம் பாகம் வரைக்கும் பொறுங்க மைனி."

"நீ என்னைக்குத்தான் ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லியிருக்க" என்று வைத்துவிட்டார்கள்.